மூன்று பாட்டுக் கணக்கும் முட்டி போட்ட யானைகளும்

1. சூளை திறந்த அன்று

சூளைக் கதவு திறந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகையெல்லாம் எனக்கு வராது. அறுபது பீங்கான் யானைகளை உள்ளே வைத்திருந்தோம். நான்கு காலில் நின்றவை எட்டு. மீதி ஐம்பத்திரண்டும் முன்னங்காலை மடித்து, தும்பிக்கையைக் கீழே ஊன்றி, சாமி கும்பிடுவதுபோலக் கிடந்தன. மேலே பூசிய கிளேஸ் மட்டும் பளபளவென்று நன்றாக இருந்தது. அதைப் பார்த்தபோது இன்னும் எரிச்சலாக வந்தது.

விருத்தாசலம் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து பயன்படுத்தும் சூளை அது. அதைப் பார்த்துக்கொள்பவன் அன்பழகன். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"யக்கா, யானைக்கெல்லாம் மூட்டு வலி போலருக்குது. தைலம் வாங்கியாரட்டா?"

"தீய ஏத்தி வுட்டுட்டு எங்கிட்ட தமாஷ் பண்றியா நீ?"

"பக்கத்துல ஜாடி இருக்குது பாருங்க. அதுவும் அதே தீலதான் வெந்துச்சு. ஜாடி நிக்குது, ஒங்க யானைதான் முட்டி போடுது."

அதற்கும் அவனைத் திட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

விஷயம் இதுதான். புதுச்சேரியில் ஒரு பொம்மைக் கடைக்கு நானூறு யானை கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். கொலுவுக்கு முன்னால் கடையில் இருக்க வேண்டும். இருபத்திரண்டு நாள்தான் பாக்கி. கடைக்காரர் பாஸ்கரன் பன்னிரண்டு வருஷமாக என் சரக்கைப் பெட்டி பிரித்துக்கூடப் பார்க்காமல் எடுப்பவர். அவரிடம் போனில் உள்ளதைச் சொன்னேன்.

"யக்கா, கோச்சிக்காதீங்க. இந்த வருஷம் யானை வரலன்னா நா வேற ஊரு சரக்கு எடுத்துப்பேன். ஒருவாட்டி அந்தப் பக்கம் போயிட்டன்னா திரும்பி வர்றது கஷ்டம்."

மிரட்டிச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

2. காது மட்டும்தான் சும்மா இருந்தது

காஸ்டிங் வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். களிமண்ணைக் கரைத்துப் பால்போல ஆக்கினால் அதற்கு ஸ்லிப் என்று பெயர். அதைப் பிளாஸ்டர் மோல்டில், அதாவது அச்சில், ஊற்றுவோம். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும். மோல்டின் உள்பக்கம் மண் சுவராகப் படியும். சுவர் போதிய கனம் ஏறியதும் மீதி ஸ்லிப்பைக் கவிழ்த்து வடித்துவிட வேண்டும். சீக்கிரம் வடித்தால் சுவர் மெல்லியதாகிப் பொம்மை சூட்டில் சாயும். தாமதித்தால் கனத்து வெடிக்கும். ஆகவே எப்போது கவிழ்ப்பது என்பதுதான் முழு வேலையும். ஊற்றுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

நான் முதன்முதலில் ஒரு யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று, சுவரில் கடிகாரம் எங்கே என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "அத மாட்டுனா நீங்க மோல்ட பாக்க மாட்டீங்க, டீ டயத்ததான் பாப்பீங்க" என்றார். அங்கே ரேடியோதான் கணக்கு. கை முழுக்க ஸ்லிப் இருக்கும். கடிகாரத்தையும் போனையும் தொட முடியாது. கண் மோல்டின் மேல் இருக்கும். சும்மா இருப்பது காது மட்டும். அதற்கு வேலை கொடுத்தார்கள்.

பிறகு என் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நானே மோல்டு வைத்துக்கொண்டபோதும் அதே பழக்கம்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பதினான்கு பாட்டு எழுதிக் கொடுத்துச் சி.டி. போட்டு வாங்கினோம். முதல் மூன்று பாட்டு முடிந்தால் ஸ்லிப்பைக் கவிழ். முழு சி.டி.யும் முடிந்தால் மோல்டைப் பிரி. இரண்டாம் முறை ஊற்றும்போது மோல்டு ஈரமாக இருக்கும், அதற்கு நான்கு பாட்டு. இதுதான் சட்டம். பன்னிரண்டு வருஷம் இந்தச் சட்டத்தில் ஒரு யானை முட்டி போட்டதில்லை.

என்னோடு வேலை செய்பவர்கள் இரண்டு பேர். மல்லிகா ஊற்றுவாள், வடிப்பாள். காசாம்பு பினிஷிங் செய்வாள். சுடாத பச்சைப் பொம்மையில் மோல்டின் இணைப்பு விழுந்த தையலைப் பிளேடால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது. சி.டி. பிளேயர் காசாம்பு பக்கத்தில் இருந்தது. அது திக்கினால் எழுந்து போய்த் தட்டுவதும் துடைப்பதும் அவள் வேலை. அவள் வராத நாளில் அந்த இடத்தில் நான் உட்காருவேன். ஷெட்டில் எப்போதும் மண் தூசி பறக்கும். சி.டி. திக்காமல் என்ன செய்யும்?

3. சொல்பேச்சுக் கேட்காத டப்பா

ஆடி மாதத்தில் பிளேயர் செத்துப்போனது. லென்ஸ் போய்விட்டது என்றார்கள். விருத்தாசலத்தில் அதற்கு லென்ஸ் கிடைக்கவில்லை, கடலூரிலும் இல்லை.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஜங்ஷனில் இருந்தவரை நிமிஷம் தவறாத மனுஷன். ரிட்டையர் ஆன பிறகு பொழுது போகாமல் போனும் கையுமாக இருக்கிறார். ஒரு நாள் தேங்காய் அளவுக்கு ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து ஷெட்டில் வைத்தார்.

"இனிமே சி.டி. தட்டு கெடையாது, தூசி கெடையாது. ஒலகத்துல இருக்கற அத்தன பாட்டும் இதுல வரும். வாயால கேட்டா போதும்."

"கேளுங்க பாப்போம்."

"நீயே கேளு."

எங்கள் சி.டி.யின் முதல் பாட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் மழைப் பாட்டு. "மழைப் பாட்டு போடு" என்றேன். விருத்தாசலத்தில் இன்று மழைக்கு வாய்ப்பில்லை என்று அந்த டப்பா ஒரு பெண் குரலில் சொன்னது. மல்லிகா சிரித்துச் சிரித்து ஸ்லிப் வாளியில் விழப் பார்த்தாள். நான் டப்பாவைத் திட்டினேன். அது, புரியவில்லை, மன்னிக்கவும் என்றது. இந்த வீட்டில் என்னிடம் உடனே மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் அதுதான்.

அந்த வாரம் முழுக்கச் சனியன் பிடித்தது. பாட்டு தன் இஷ்டத்துக்கு மாறி மாறி வந்தது. ஒன்று மூன்று நிமிஷம் ஓடியது, ஒன்று ஏழு. நடுவில் ஒருவன் வந்து மெத்தை வாங்கச் சொல்லிக் கத்தினான். மல்லிகா அதையும் ஒரு பாட்டு என்று எண்ணிக் கவிழ்த்துவிட்டாள். அந்த வாரம் ஊற்றிய பொம்மை பாதி மோல்டிலேயே கிழிந்தது. பச்சை மண்தானே, மறுபடி கரைத்துக்கொண்டோம். கரைக்கும்போதெல்லாம் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லாமல் திட்டினேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று நாள் உட்கார்ந்து பழைய சி.டி. அட்டையைப் பார்த்து, அதே பதினான்கு பாட்டைத் தேடிப் பிடித்து, அதே வரிசையில் ஒரு லிஸ்ட் போட்டார். விளம்பரம் வராமலும் பண்ணிவிட்டார்.

"அதே பாட்டு, அதே வரிச. ஒரு செகண்டு மாறாது. ரயிலு மாதிரி."

"எந்த ரயிலு? நம்ம ஜங்ஷன் ரயிலா?"

"ஏன், நா இருந்தவரைக்கும் ஒழுங்காத்தான் ஓடுச்சு!"

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த லிஸ்ட் நன்றாக இருந்தது. பாட்டு அவ்வளவு சுத்தமாகக் கேட்டு வருஷக்கணக்கானது. சி.டி.யில்தான் உயிர் இருந்தது என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படியெல்லாம் எழுதமாட்டேன். அது ஒரு பிளாஸ்டிக் தட்டு. நாங்கள் சந்தோஷமாக யானை ஊற்றினோம். மூன்று பாட்டு, கவிழ். நான்கு பாட்டு, கவிழ். அப்படி ஊற்றிய முதல் அறுபதுதான் சூளையில் முட்டி போட்டது.

4. வாயைத் திறந்தேன்

சூளையில் இருந்து ஷெட்டுக்கு வந்தேன். இன்னும் நூற்றிப் பத்து யானை பச்சையாகப் பலகையில் காய்ந்துகொண்டிருந்தது. காசாம்பு பினிஷிங் செய்துகொண்டிருந்தாள். என்னோடு அன்பழகனும் வந்திருந்தான், தீயில் குற்றமில்லை என்று நிரூபிக்க.

ஸ்லிப் தண்ணியாக இருந்தால் சுவர் மெல்லியதாகும். தண்ணி மண்ணில் பினிஷிங் வேலையும் சுலபம், பிளேடு வெண்ணெயில் போவதுபோலப் போகும். என் மண்டையில் அதுதான் ஓடியது.

"காசாம்பு, ஸ்லிப்புல தண்ணி வுட்டியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நானா?"

"பின்ன நானா? வேல சுளுவா ஆவட்டும்னு வுட்டுருப்ப."

"நா வுட்டத நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா? யானையே சொல்லுதே."

காசாம்பு பஞ்சைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். "அப்ப யானையவே பினிஷிங் பண்ணச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்பழகன், "யக்கா, கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்களோ?" என்றான். அவனையும் திட்டி அனுப்பினேன். மண் சப்ளை செய்பவரையும் போனில் பிடித்து, எனக்கு என்ன மண் போட்டாய் என்று கேட்டேன். அன்று நான் திட்டாத ஆள் வீட்டுக்காரர் மட்டும்தான். அவர் காலையிலேயே பெண்ணாடத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

5. என் கால் எழுந்தது

மறுநாள் காசாம்பு வரவில்லை. அவள் இடத்தில் நான் உட்கார்ந்து பினிஷிங் செய்தேன். மல்லிகா யானை ஊற்றிவிட்டு வந்தாள். லிஸ்ட் ஓடியது. மழைப் பாட்டு முடிந்தது. இரண்டாம் பாட்டு முடிந்தது. மூன்றாம் பாட்டில் இரண்டாவது சரணம் வந்ததும் என் கால் என்னைக் கேட்காமல் எழுந்தது. கை முந்தானையைப் பிடித்தது. நான் ஸ்பீக்கர் முன்னால் போய் நின்றேன்.

மல்லிகா சிரித்தாள். "யக்கா, எங்க போறீங்க? அதுல தட்டே இல்ல, எதத் தொடைப்பீங்க?"

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மறுபடி எழுந்தேன்.

"மல்லிகா, இந்த எடத்துல தட்டு திக்கும் இல்ல?"

"தெனமும் திக்கும். காசாம்பு அக்கா ரெண்டு தட்டு தட்டும். போவலன்னா எடுத்துத் தொடைச்சுப் போடும்."

"தொடைச்சுப் போட்டா?"

"மூணாவது பாட்டு மொதல்லருந்து பாடும். சில நாளு அதுவும் திக்கும்."

மல்லிகாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷமாக நாங்கள் மூன்று பாட்டு, மூன்று பாட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தோம். உண்மையில் ஓடியது இரண்டரைப் பாட்டு, ஒரு கீறல், ஒரு துடைப்பு, மறுபடி மூன்றாம் பாட்டு முழுசாக. அதில்தான் எங்கள் யானையின் கால் நின்றது. வீட்டுக்காரரின் லிஸ்டில் கீறல் இல்லை.

அவரைக் கூப்பிட்டுக் கைக்கடிகாரத்தோடு நிற்க வைத்தேன். காய்ந்த மோல்டு இரண்டில் ஒரே வாளி ஸ்லிப்பை ஊற்றினோம். ஒன்றை லிஸ்ட்படி மூன்று பாட்டில் கவிழ்த்தோம், பதின்மூன்று நிமிஷம். இன்னொன்றுக்கு மூன்றாம் பாட்டைப் பாதியில் நிறுத்தி, துடைக்கிற நேரம் விட்டு, முதலில் இருந்து ஓடவிட்டோம், பதினெட்டு நிமிஷம். பிரித்ததும் இரண்டு யானையையும் கம்பியால் குறுக்கே அறுத்தேன். ஒன்றின் சுவர் இரண்டு தீக்குச்சி கனம். இன்னொன்று ஒன்றரைகூட இல்லை. ஸ்லிப்பில் குற்றமில்லை, மண்ணில் குற்றமில்லை, தீயில் குற்றமில்லை.

வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "நா சொன்னனே, என் லிஸ்ட்டு கரெக்ட்டுன்னு" என்றார்.

"கரெக்ட்டா இருந்ததுதாங்க தப்பு" என்றேன்.

ஊற்றி, பிரித்து, அறுத்துப் பார்க்க ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

6. காசாம்பு வீட்டில்

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. ஷேர் ஆட்டோவில் போகும்போது எப்படிச் சொல்வது என்று யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. காசாம்பு வீடு மணிமுத்தாற்றுப் பக்கம். வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"தப்பு ஒன் மேல இல்ல. தட்டு மேல" என்று ஆரம்பித்து, கீறல், பதினெட்டு நிமிஷம், தீக்குச்சி எல்லாம் சொன்னேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். "சரி. என்னத் திட்டச் சொன்னது தட்டா?"

"இல்ல. நாந்தான்."

"அன்பழகன் முன்னாலதான திட்டுனீங்க? நேத்து டீக்கடைல என்ன 'தண்ணி காசாம்பு'ன்னு கூப்புட்டான். எஸ்டேட்டு பூரா சிரிக்குது. நீங்க இங்க வந்து எங்காதுல சொன்னா அது போயிடுமா?"

"என்ன பண்ணணும்ங்கற?"

"எங்க திட்டுனீங்களோ அங்க சொல்லுங்க. அப்பறம், காயற நூத்திப் பத்து யானையும் நா பினிஷிங் பண்ணது. ஒவ்வொண்ணுக்கும் கண்ணு, காது எல்லாம் சீவியிருக்கேன். அத நீங்கதான் ஒங்க கையால ஒடைக்கணும். நா ஒடைக்கமாட்டேன்."

இருபது நாள்தான் இருந்தது. இந்தப் பெண் இல்லாமல் நானூறு யானைக்குப் பினிஷிங் நடக்காது. ஆனால் அதற்காக மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் கேட்டது நியாயம்.

மறுநாள் காலையில் சூளையில் ஏழெட்டுப் பேர் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காசாம்புவைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். "காசாம்பு தண்ணி வுடல. நான்தான் பாட்ட தப்பா எண்ணுனேன். ஒண்ணையும் பாக்காம இவளத் திட்டிட்டேன். இனிமே யாராவது இவளுக்குப் பட்டப் பேரு வெச்சீங்கன்னா எங்கிட்ட பதில் சொல்லணும்."

கடைசி வரி மிரட்டலாகிவிட்டது. எனக்கு அப்படித்தான் வரும். அன்பழகன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப எந் தீ?" என்று கேட்டான்.

"ஒந் தீயும் நல்ல தீதான், போ."

"இத எழுதிக் குடுங்க யக்கா, சூளைல மாட்டி வெச்சுக்கறேன்."

காசாம்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஷெட்டுக்கு வந்து நான் நூற்றிப் பத்து யானையை ஒவ்வொன்றாக உடைத்துத் தண்ணித் தொட்டியில் போட்டேன். காசாம்பு கட்டை போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். எழுபதாவது யானைக்குப் பிறகு என் கை வலிப்பதைப் பார்த்து, "தள்ளுங்க, வுட்டா விடியற வரைக்கும் ஒடைப்பீங்க" என்று அவளும் உடைக்க ஆரம்பித்தாள். வைத்த சட்டத்தை அவளே மீறினாள். நான் தள்ளி இடம் விட்டேன்.

7. மூன்றாம் பாட்டுக்குப் பிறகு

வீட்டுக்காரர் லிஸ்டில் மூன்றாம் பாட்டை இரண்டு தடவை சேர்த்தார். காசாம்பு ஒத்துக்கொள்ளவில்லை.

"கெட்டுப்போன தட்டு மாதிரி எதுக்கு மாமா பாடுனதையே பாடணும்? அதான் ஒலகத்துப் பாட்டெல்லாம் இருக்குதுன்னீங்களே. அந்த எடத்துல புதுசா நல்லதா ஒண்ணு போடுங்க."

அவளே ஒரு பாட்டுச் சொன்னாள், குத்துப் பாட்டு. இப்போது அது முடிந்தால்தான் கவிழ்ப்போம். வீட்டுக்காரர் கடிகாரம் வைத்துப் பார்த்தார், பதினெட்டு நிமிஷத்துக்குப் பத்து செகண்டு குறைவு. நாங்கள் ஒத்துக்கொண்டோம். வாரம் ஒரு பாட்டு மாற்றுகிறோம், மாற்றும்போதெல்லாம் நேரம் பார்க்கிறோம். ஷெட்டில் முன்னைவிடச் சத்தம் அதிகம், சிரிப்பும் அதிகம். பழைய பிளேயரைக் காயலான் கடைக்காரரிடம் போட்டுவிட்டேன்.

யானைகள் மூன்று சூட்டில் வெந்தன. மூன்று தடவையும் கதவைத் திறந்தபோது காசாம்புதான் முன்னால் நின்றாள். ஏழு யானைக்குத் தந்தம் உடைந்திருந்தது, அது எப்போதும் உள்ளதுதான். ஒன்றுகூட முட்டி போடவில்லை. கொலுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது நானூறும் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தது. போனில் நானே பாஸ்கரனிடம், "இந்தவாட்டி பெட்டியப் பிரிச்சுப் பாத்துடுங்க" என்றேன்.

"எதுக்குக்கா? பன்னெண்டு வருஷமா பாக்கல."

"நானும் பன்னெண்டு வருஷமா பாக்காமத்தான் இருந்தேன். பாருங்க."

அவர் பிரித்துப் பார்த்து, ஒன்றைத் தட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அன்று சாயங்காலமே சொன்னார். அடுத்த வருஷத்துக்கும் யானை கேட்டிருக்கிறார். குதிரையும் வேண்டுமாம்.

புதிதாகக் காஸ்டிங்குக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாட்டு வைத்து எண்ணுங்கள், கடிகாரம் வைத்து எண்ணுங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் திங்கட்கிழமைதோறும் ஒரு பொம்மையைக் கம்பியால் அறுத்துச் சுவரைப் பாருங்கள். நன்றாகத்தானே வருகிறது என்று நினைக்கிற காலத்திலும் அறுங்கள். சரக்கில் குற்றம் வந்தால் முதலில் பொருளை அறுத்துப் பாருங்கள், ஆளை அப்புறம் திட்டிக்கொள்ளலாம். அறுத்துப் பார்த்த பிறகு திட்டுவதற்குப் பெரும்பாலும் ஆளே இருக்காது. எனக்கே அதில் கொஞ்சம் வருத்தம்தான்.